பழைய வீட்டின் பியூஸ் கட்டை: புதிதாகக் குடிவருவோருக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் உண்டு. அங்கே வாடகைக்குக் கிடைக்கும் பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றில், முன்னறைக் கதவுக்கு மேலே ஒரு மரப்பலகையும், அதில் பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்சும், அதையடுத்து இரண்டோ மூன்றோ வெள்ளைப் பீங்கான் கட்டைகளும் இன்றும் இருக்கின்றன. அந்தக் கட்டைகளுக்குள்தான் பியூஸ் கம்பி இருக்கிறது. புதிதாக வீடு மாறி வருபவர் பாத்திரங்களை அடுக்குவதற்கு முன்பே அவற்றைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கருத்து எனக்குப் பட்டுத்தான் வந்தது.

நான் குடிவந்த வீட்டைக் காட்டும்போது வீட்டுக்காரர், "இருபது வருஷமா இந்த வீட்டுல ஒரு பீஸ் போனதில்லீங்க" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது. மூன்றாவது வாரம் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மிக்சியையும் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மீன் கருகுவது போன்ற ஒரு நாற்றம் சுவிட்ச் போர்டுக்குள்ளிருந்து வந்தது. போர்டைக் கழற்றிப் பார்த்த வயர்மேன் உள்ளேயிருந்த சிவப்பு ஒயரை விரலால் நெருடிக் காட்டினார். அதன் மேலுறை பிஸ்கட்டைப் போலப் பொடிந்து உதிர்ந்தது. பிறகு பியூஸ் கட்டையை உருவினார். பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், சாதாரண வீட்டு ஒயரிலிருந்து பிரித்தெடுத்த மூன்று இழைகள் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. இருபது வருடம் பியூஸ் போகாததன் காரணம் அதுதான். போக வேண்டிய நேரங்களில் பியூஸ் போகாததால், அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருந்த ஒயர் வெந்துகொண்டிருந்தது.

பியூஸ் எதைக் காக்கிறது

புதியவர்கள் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பியூஸ் காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. டிவியைக் காப்பது அதன் வேலை அன்று. தொட்டவர் உயிரைக் காப்பதும் அதன் வேலை அன்று.

ஒரு கம்பியில் மின்னோட்டம் பாயும்போது அது சூடேறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். 1840களில் ஜூல் கண்டு சொன்ன இந்த விதியின் மேல்தான் பியூஸ் முழுவதும் நிற்கிறது. மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் அறைகளுக்குப் பிரிந்து போகும் வழியில், வேண்டுமென்றே ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய கம்பியைச் செருகி வைக்கிறோம். வீட்டு ஒயர் வெறும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இந்த மெல்லிய கம்பி கொதித்து உருகி அறுந்து, வழியை அடைத்துவிடும். அறுவதும் தீப்பொறி பறப்பதும் பீங்கானுக்குள் நடப்பதால் வெளியே ஒன்றும் பற்றிக்கொள்ளாது. தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க மெல்லிய கம்பியைப் பயன்படுத்தலாம் என்று பிரெஞ்சுக்காரர் பிரெகே 1847லேயே சொன்னார். எடிசன் தமது மின்விநியோக முறைக்கான பியூசுக்கு 1890ல் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுக் கட்டையின் வடிவம் அதற்குப் பின் மாறியிருக்கிறதே ஒழிய, அடிப்படை மாறவில்லை.

பியூஸ் இரண்டு விதமான சந்தர்ப்பங்களில் போகும். ஒன்று ஓவர்லோடு. நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் என்பதால், எந்தக் கருவியின் வாட்டையும் 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியர் கணக்கில் தோராயமாகக் கிடைத்துவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், 750 வாட் மிக்சி 3.3, 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்போ கீசரோ 8.7, 75 வாட் மின்விசிறி ஓர் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. 5 ஆம்பியர் பியூஸ் போட்ட லைனில் இஸ்திரிப் பெட்டியும் மிக்சியும் சேர்ந்து ஓடினால் 7.6 ஆம்பியர் ஆகும். இந்த இடத்தில் பலருக்கும் ஒரு வியப்பு வரும்: பியூஸ் உடனே போகாது. கையால் கம்பி கட்டும் பீங்கான் பியூஸ், தன்மேல் எழுதியிருக்கும் அளவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை தாங்கிவிட்டுத்தான் உருகும். அளவுக்குச் சற்று மேலே போனால், மெதுவாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்தே போகும், சில சமயம் போகாமலும் இருக்கும். எனவே பியூஸ் போகவில்லை என்பதை லோடு சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

இன்னொன்று ஷார்ட். மின்சாரம் வரும் பேஸ் ஒயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரும் உறை கிழிந்தோ, எலி கடித்தோ ஒன்றையொன்று தொட்டுவிட்டால், இடையில் தடுக்க எதுவும் இல்லை. வழி முழுவதன் தடையும் சேர்ந்து 1 ஓம் என்று வைத்தால்கூட 230 ஆம்பியர் பாயும். அது 5 ஆம்பியரைப் போல 46 மடங்கு. வெப்பமோ இரண்டாயிரம் மடங்கைத் தாண்டும். மெல்லிய கம்பி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகிவிடுவது இதனால்தான்.

கம்பியின் கனம்

கடையில் "பியூஸ் கம்பி கொடுங்க" என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆம்பியரைச் சொல்லிக் கேட்க வேண்டும். களிம்பேறாமல் இருக்க வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியே பியூசுக்கு உரியது. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் விட்டம், 10 ஆம்பியருக்கு 0.35, 15 ஆம்பியருக்கு 0.5, 20 ஆம்பியருக்கு 0.6 என்பது வழக்கமான அளவு. ஆம்பியரைத் தீர்மானிப்பது நாம் மாட்டப்போகும் கருவி அன்று, சுவருக்குள் இருக்கும் ஒயர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு 5 ஆம்பியர், ஒன்றரைக்கு 10, இரண்டரைக்கு 15, நாலுக்கு 20 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பான பக்கத்தில் இருப்போம். பழைய வீடுகளில் வயர்மேன்கள் 3/22 என்றும் 3/20 என்றும் சொல்லும் ஒயர்கள் இருக்கும், முதலாவது 1.2 சதுர மில்லிமீட்டருக்கும் இரண்டாவது 2 சதுர மில்லிமீட்டருக்கும் ஏறக்குறையச் சமம், ஆகவே 5, 10 என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒயரின் உள்ளே செம்பு நிறம் இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியமாக இருக்கக் கூடும். அப்போது ஒரு படி குறைத்தே போட வேண்டும்.

ஒயரிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கட்டிவிடும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதைச் செய்யாத வீடு குறைவு. டேபிள் ஃபேனுக்கு வரும் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குள் வழக்கமாக 24 இழைகள், ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும். அதில் ஓர் இழை, தற்செயலாக, 5 ஆம்பியர் பியூஸ் கம்பிக்கு இணையாக அமைந்துவிடுகிறது. "ஒரு இழை போதும்" என்ற பேச்சு இப்படித்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சுவருக்குள் இழுக்கும் ஒயர்களில் பெரும்பாலும் இழை 0.3 மில்லிமீட்டர். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உருகும் மின்னோட்டம் விட்டத்தோடு நேராக ஏறாமல் அதைவிட வேகமாக ஏறும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரீஸ் என்ற பொறியாளர் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்குப்படி 0.2 இழை 7 ஆம்பியரை ஒட்டி உருகினால் 0.3 இழை 13 ஆம்பியரைத் தொட்டுத்தான் உருகும். என் வீட்டில் இருந்தவை அத்தகைய மூன்று இழைகள். 30 ஆம்பியருக்கு மேல் போனாலொழிய அறுந்திருக்காத அந்த முறுக்கு, காவல் காத்துக்கொண்டிருந்தது 3/22 ஒயருக்கு.

பியூஸ் போனால் செய்ய வேண்டியது

முதலில், போனது உங்கள் பியூஸ்தானா என்று பாருங்கள். பக்கத்து வீட்டிலும் விளக்கு இல்லையென்றால் அது மின்வாரியத்தின் பாடு. கம்பத்திலும் மீட்டருக்கு முன்னும் இருக்கும் கட்அவுட் என்ற பியூஸ் கட்டையும், அரக்கோ ஈயமோ வைத்து முத்திரையிட்ட எதுவும் வாரியத்துக்கு உரியவை. அவற்றில் கை வைக்கக் கூடாது. கேரளப் பக்கம் 1912 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். மொழி பற்றி ஒன்று: லைன்மேன் வந்து "பியூஸ் ஊரும்" என்றால் ஏதோ ஊர்ந்து போகிறது என்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் விழிப்பதுண்டு. மலையாளத்தில் அதற்குக் கழற்றி எடுத்துவிடுவோம் என்று பொருள். பில் கட்டவில்லை என்பதன் சுருக்கம் அது.

உங்கள் பியூஸ்தான் என்றால், அந்த லைனில் ஓடிக்கொண்டிருந்த கருவிகளின் பிளக்குகளை உருவிவிட்டு, சுவிட்சுகளை அணைத்து, பிறகு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் அதே 230 வோல்ட் இருந்துகொண்டுதான் இருக்கும். தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இது. கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும், ஏறி நிற்பது உலர்ந்த மர முக்காலியாக இருக்க வேண்டும். டார்ச்சை வேறொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. டெஸ்டரை மெயினை அணைப்பதற்கு முன்பே உயிருள்ள ஒரு பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; எரியாத டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. மெயின் சுவிட்சுக்கு உள்ளே வரும் பக்கத்து முனைகளில், கைப்பிடியைக் கீழே தள்ளிய பிறகும் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது கட்டையின் இரு ஓரத்தையும் பிடித்து நேராக உங்களை நோக்கி இழுங்கள். கட்டை கையில் வந்ததும் அவசரப்பட்டுப் புதுக் கம்பியைக் கட்டாமல், வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பாருங்கள். அதில் நடந்தது எழுதியிருக்கும். பீங்கானில் கரி படர்ந்து, மினுமினுப்பான செம்புத் துளிகள் கடுகைவிடச் சிறிய மணிகளாகத் தெறித்து ஒட்டியிருந்து, கம்பியே காணாமல் போயிருந்தால், அது ஷார்ட். கம்பி பெரும்பாலும் இருந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் விட்டுப் போய், இரு முனைகளும் உருண்டு நின்றால், அது ஓவர்லோடு. அறுந்த இடம் ஸ்குருவுக்கு அருகிலேயே இருந்து, அந்த ஸ்குருவும் பித்தளையும் நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தால், அங்கே பிடிப்புத் தளர்ந்திருக்கிறது, லோடில் குற்றமில்லை. கட்டையின் கத்தி போன்ற முனைகள் அடிக்கட்டையின் இடுக்கில் லூசாக நின்றாலும் இதே நிறமாற்றம் வரும்.

பழைய கம்பித் துண்டுகளை எடுத்துவிட்டு, முனைகளில் பச்சை படிந்திருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மிகப் பழைய கட்டைகளில் கம்பி போகும் பள்ளத்தில் சாம்பல் நிற நார் போன்ற ஒரு துண்டு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருக்கலாம். அதைச் சுரண்டாமல் கட்டையையே மாற்றிவிடுங்கள். புதுக் கம்பியை பீங்கானில் அதற்கென இருக்கும் வழியாகவே கொண்டுபோக வேண்டும், வெளியே சுற்றிக் கட்டக் கூடாது. ஸ்குருவை இறுக்கும் திசையிலேயே கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினால், இறுக்கும்போது கம்பி உள்ளே இழுபடும். எதிர்த்திசையில் சுற்றினால் பிதுங்கி வெளியே வரும். கம்பியை வீணைத் தந்தி போல முறுக்கேற்றி இழுத்துக் கட்டுவது பலர் செய்யும் தவறு. இழுத்தால் கம்பி மெலிந்துவிடும், சூட்டில் நீள்வதற்கும் சுருங்குவதற்கும் இடம் இருக்காது. சற்றுத் தளர்வாக விட்டு, ஸ்குருவைக் கம்பி நசுங்காத அளவுக்கு இறுக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

கட்டையை அழுத்திச் செருகி, எல்லாச் சுவிட்சும் அணைந்த நிலையிலேயே மெயினைப் போடுங்கள். அப்போதே பியூஸ் மறுபடி போனால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, உரிமம் பெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும். நின்றால், விளக்குகளையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி வாருங்கள். எதைச் செருகும்போது போகிறதோ அதுதான் குற்றவாளி. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தண்ணீர் சூடாக்கும் ராடாகவோ, ஒயர் மடிந்து மடிந்து கிழிந்த இஸ்திரிப் பெட்டியாகவோதான் இருந்திருக்கிறது.

நியூட்ரலில் பியூஸ் இருந்தால்

கட்டைகளைப் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள். பழைய வீடுகளில் பேசுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் பியூஸ் வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு இரட்டைப் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஹோல்டரில் மின்சாரம் அப்படியே இருக்கும். செத்த லைன் என்று நினைத்துக் கை வைப்பவர் அடிபடுவார். இந்திய மின்சார விதிகள் 1956லேயே, பேசோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இயங்கும் இணைப்புச் சுவிட்சைத் தவிர வேறு எதையும் நியூட்ரலில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. உங்கள் பலகையில் அப்படி இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கனமான நேரடி இணைப்பைப் போடும்படி வயர்மேனிடம் சொல்ல வேண்டும்.

பியூஸ் கைவிடும் இடங்கள்

ஒரு மனிதர் உடலில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்துகொண்டே இருந்தால் உயிருக்கு ஆபத்து. 5 ஆம்பியர் பியூஸ் அதைப்போல நூற்றைம்பது மடங்குக்கு மேல் பாயும் வரை அசையாது. ஃபிரிட்ஜின் உடலில் பேஸ் ஒயர் பட்டுவிட்டால் மண்ணுக்குள் போகும் எர்த் கம்பி வழியாகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் போய்விடும் என்று படித்திருப்போம். எர்த் குழி நன்றாக இருந்தால்தான் அது நடக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு வெயிலில் மண் வறண்டு, குழியின் தடை 10 ஓம் ஆகிவிட்டால், பாய்வது 23 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பியூஸ் அதை நெடுநேரம் சகித்துக்கொண்டிருக்கும், அதுவரை ஃபிரிட்ஜைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதற்குச் சரியான மருந்து, கசிவைக் கண்டு 30 மில்லி ஆம்பியரிலேயே அணைத்துவிடும் ஆர்சிசிபி என்ற கருவி. பழைய பலகையை மாற்றப் பணமில்லை என்றாலும், இந்த ஒன்றை மட்டுமாவது மெயினுக்குப் பக்கத்தில் வைத்துவிடும்படி வீட்டுக்காரரிடம் வற்புறுத்துவேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் அது தென்னை மட்டைகளைப் பிய்த்து லைன் மேல் போடும். அப்படி நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், வீட்டுக்கு 230க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். விளக்குகள் திடீரென்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரியும், விசிறி பறக்கும். பியூஸ் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அது வோல்டேஜை அறியாது, ஆம்பியரை மட்டுமே அறியும். அந்தக் கணமே மெயினை அணைத்துவிட்டு 1912க்குச் சொல்ல வேண்டும். இடி மின்னலுக்கும் பியூஸ் காவல் ஆகாது. துலா (ஐப்பசி) மாதத்து மாலைகளில் பிளக்கை உருவி வைப்பதுதான் வழி.

வளைகுடாவிலிருந்து வந்த மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் இங்கே பல வீடுகளில் உண்டு. அவற்றின் பிளக்கில் தட்டையான மூன்று கால்கள் இருக்கும், உள்ளே ஒரு சிறு குழல் பியூசும் இருக்கும். பெரும்பாலும் 13 ஆம்பியர். சுவர்ப் பியூஸ் சரியாக இருந்தும் அந்தக் கருவி மட்டும் ஓடவில்லையென்றால், பிளக்கைத் திறந்து அந்தக் குழலைப் பாருங்கள். அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு இந்தியப் பிளக்கை மாட்டினால் அந்தப் பியூஸ் இல்லாமல் போகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் பலகையை மாற்றி எம்சிபி என்ற தானாக அணையும் சுவிட்சை வைத்துத் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். அதன் உள்ளே ஓவர்லோடுக்கு வளையும் ஓர் இரட்டை உலோகப் பட்டையும், ஷார்ட்டுக்கு இழுக்கும் ஒரு காந்தச் சுருளும் இருக்கின்றன. கம்பி கட்டும் வேலை இல்லை, அளவும் பீங்கான் கட்டையைவிடத் துல்லியம். விளக்கு லைனுக்கு 6 ஆம்பியர், பவர் பாயிண்டுக்கு இரண்டரை ஒயர் இருந்தால் 16 என்று வைப்பது வழக்கம். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16ஐ எடுத்துவிட்டு 32 வைக்கச் சொல்பவர், இழைகளை முறுக்கிக் கட்டிய என் பழைய வீட்டுக்காரரின் வேலையையே விலை கொடுத்துச் செய்கிறார்.

அதுவரை, பியூஸ் பலகைக்குக் கீழே ஒரு சிறு டப்பாவில் 5, 10, 15 ஆம்பியர் கம்பிகளைத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, ஒரு டெஸ்டரும் டார்ச்சும் உப்புத்தாள் துண்டும் போட்டு வைத்திருங்கள். ஒவ்வொரு கட்டைக்கு மேலும் அது எந்த அறைக்குப் போகிறது, எத்தனை ஆம்பியர் கம்பி போட வேண்டும் என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பின் அந்த வீட்டுக்கு வருபவர் எந்தப் பக்கத்துக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது.